பிர்லோ: பின்னால் நகர்ந்து முன்னுக்கு வந்தவர்

கேள்வி இது: “ஆந்திரேயா பிர்லோ வேகமாக ஓடியதில்லை. எதிராளியிடமிருந்து பந்தைப் பிடுங்குவதிலும் சூரர் இல்லை. இத்தாலிக்காக 116 ஆட்டங்கள் ஆடி 13 கோல்கள்தான் போட்டிருக்கிறார். அப்படியிருக்க, உலகின் தலைசிறந்த நடுக்கள ஆட்டக்காரர்களில் ஒருவர் என்று அவரை ஏன் கொண்டாடுகிறார்கள்? தாடியையும் நிதானத்தையும் பார்த்து வந்த மயக்கமா?”

சொல்லப்பட்ட மூன்றும் சரிதான். தாடி விஷயமும் கொஞ்சம் சரி. அந்தத் தாடியும் அரைத்தூக்கப் பார்வையும் வந்த பிறகுதான் பிர்லோவின் படம் போட்ட பனியன்கள் விற்கத் தொடங்கின. ஆனால் அவருடைய ஆட்ட வாழ்க்கையின் பெரும்பகுதி தாடி வளர்வதற்கு முன்பே முடிந்துவிட்டது. உலகக்கோப்பை ஒன்று, ஐரோப்பாவின் சிறந்த கிளப் அணிகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் இரண்டு, இத்தாலிய லீக் பட்டம் ஆறு என்பது கணக்கு. வேகம் இல்லாத ஒருவர், வேகத்தையே கேட்கும் ஆட்டத்தில் இவ்வளவையும் எப்படி வென்றார் என்று கேட்டால்தான் பிர்லோ பிடிபடுவார்.

என் பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிர்லோவின் வரலாறு, அவர் ஆடுகளத்தில் எங்கே நின்றார், அவருக்குப் பக்கத்தில் யார் ஓடினார்கள் என்பதன் வரலாறு. அந்த இரண்டையும் சரியாக அமைத்த பயிற்சியாளர்களுக்கு மேதை கிடைத்தார். அமைக்காதவர்களுக்கு, பந்து கிடைக்காமல் அலைகிற ஒரு சாதாரண ஆட்டக்காரர்தான் கிடைத்தார். இரண்டு பேரும் ஒரே பிர்லோதான்.

1979 மே 19ஆம் தேதி, வட இத்தாலியில் பிரேஷா நகரை ஒட்டிய ஃப்ளேரோவில் பிறந்தார். வசதியான குடும்பம்; வறுமையிலிருந்து பந்து மீட்டெடுத்த கதை எதுவும் இங்கே கிடையாது. 16 வயது நிரம்பிய இரண்டாம் நாள், 1995 மே 21 அன்று, பிரேஷா அணிக்காக இத்தாலியின் முதல்நிலை லீக்கான சீரி ஆ-வில் களமிறங்கினார். இறக்கிவிட்டவர் ருமேனியப் பயிற்சியாளர் மிர்சியா லுசெஸ்கு. அப்போது பிர்லோ ஆடியது பத்தாம் எண் ஆட்டக்காரரின் இடத்தில். அதாவது முன்கள வீரர்களுக்குச் சற்றே பின்னால் நின்று, கோலுக்கான கடைசிப் பாஸைக் கொடுக்கிற இடம். தொழில்நுட்பம் உள்ள பையன்களை இத்தாலியில் எல்லோரும் அங்கேதான் நிறுத்துவார்கள்.

1998இல் இன்டர் மிலான் அவரை வாங்கியது. அந்தப் பருவத்தில் மட்டும் இன்டருக்கு நான்கு பயிற்சியாளர்கள். அவர்களில் கடைசியாக வந்தவர் ஆங்கிலேயரான ராய் ஹாட்சன். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கீவ் நகரில் வருவார். அத்தனை குழப்பத்துக்கு நடுவே 19 வயதுப் பையனை வளர்க்க யாருக்கும் நேரமில்லை. பத்தாம் எண் இடத்துக்கு அங்கே ஏற்கெனவே பெரிய பெயர்கள் வரிசையில் நின்றன, இத்தாலியின் நட்சத்திரம் ரொபெர்ட்டோ பாஜ்ஜியோவே ஒருவர். அடுத்த ஆண்டு ரெஜ்ஜினா அணிக்குக் கடனாக, அதாவது தற்காலிகமாக, போய் நன்றாக ஆடித் திரும்பினார். 2000இல் 21 வயதுக்கு உட்பட்டோருக்கான ஐரோப்பியக் கோப்பையை இத்தாலி வென்றபோது தொடரின் சிறந்த வீரரும் அதிக கோல் அடித்தவரும் அவர்தான். இன்டருக்குத் திரும்பியதும் மறுபடி பெஞ்சு. திறமை இருக்கிறது, இடம் இல்லை என்ற நிலை.

அந்த இடம் கிடைத்தது 2001 ஜனவரிக்குப் பிறகு. கடனாக மீண்டும் சொந்த ஊரான பிரேஷாவுக்கே வந்தார். பயிற்சியாளர் கார்லோ மட்சோனே, ரோமாபுரிக்காரர், வயதானவர், கோட்டுக்கு வெளியே நின்று கத்துவதற்குப் பெயர்போனவர். அவரிடம் பத்தாம் எண்ணாக ரொபெர்ட்டோ பாஜ்ஜியோ இருந்தார். பாஜ்ஜியோ இருக்கும் அணியில் அந்த இடத்தில் இன்னொருவரை நிறுத்த முடியாது. அதற்காக பிர்லோவை உட்காரவைக்கவும் மட்சோனேக்கு மனமில்லை. ஆகவே பிர்லோவைத் தற்காப்பு வரிசைக்கு நேர் முன்னால், களத்தின் அடியில் கொண்டுபோய் நிறுத்தினார். பொதுவாக அடித்து நொறுக்குகிற உடல்வாகு உள்ளவர்கள் நிற்கும் இடம் அது. மெலிந்த, மெதுவான, பந்து பறிக்கத் தெரியாத ஒரு பையனை அங்கே நிறுத்துவது அன்றைக்குப் பலருக்கும் விளையாட்டாகத்தான் தோன்றியிருக்கும்.

அந்த முடிவின் பலனை ஒரே பாஸில் பார்க்கலாம். 2001 ஏப்ரல் 1, டூரினில் யுவென்டஸுக்கு எதிரான ஆட்டம். யுவென்டஸ் 1–0 முன்னிலை, 86ஆவது நிமிடம். நடுக்கோட்டை ஒட்டிய இடத்தில் பிர்லோவிடம் பந்து வருகிறது. அவரை நெருங்கி யாரும் இல்லை, ஏனென்றால் அவ்வளவு பின்னால் நிற்பவரை நெருங்குவது யாருடைய வேலையும் இல்லை. தலையை நிமிர்த்துகிறார். பாஜ்ஜியோ தற்காப்பு வரிசைக்குப் பின்னால் ஓடத் தொடங்கியிருக்கிறார். பிர்லோ பந்தைத் தூக்கி, எல்லோர் தலைக்கும் மேலாக, பாஜ்ஜியோவின் தோளைத் தாண்டி இறங்கும்படி அனுப்புகிறார். பாஜ்ஜியோ அதை ஒரே தொடுதலில் தரையில் அடக்கி, அதே அசைவில் கோல்கீப்பர் வான் டெர் சாரைக் கடந்துபோய், காலி வலைக்குள் தள்ளுகிறார். உலகம் அதை பாஜ்ஜியோவின் கோல் என்றுதான் கொண்டாடுகிறது. அந்தத் தொடுதலுக்கு அது தகும். ஆனால் அந்தப் பாஸ் பத்தாம் எண் இடத்திலிருந்து வந்திருக்கவே முடியாது. அங்கே நின்றிருந்தால் பிர்லோவின் முதுகு கோலைப் பார்த்திருக்கும், முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு எதிராளி இருந்திருப்பார்.

யுவென்டஸ் அந்தப் பருவத்தில் இரண்டே புள்ளிகளில் ரோமாவிடம் பட்டத்தைப் பறிகொடுத்தது. பயிற்சியாளரின் வேலையும் போனது. அவர் பெயர் கார்லோ ஆன்செலோட்டி. அதே ஆண்டு நவம்பரில் அவர் இன்டரின் அதே ஊர்ப் போட்டி அணியான ஏசி மிலானின் பொறுப்புக்கு வந்தபோது, இன்டரிடமிருந்து கோடையில் வாங்கப்பட்ட பிர்லோ அங்கே காத்திருந்தார்.

மிலானிலும் பழைய நெரிசல்தான். ரூயி கோஸ்டாவைப் பெரும் விலை கொடுத்து அப்போதுதான் வாங்கியிருந்தார்கள். அடுத்த ஆண்டு ரிவால்டோவும் செடோர்ஃபும் வந்து சேர்ந்தார்கள். களத்தின் அடியில் ஆடுகிறேன் என்று தன்னிடம் வந்து சொன்னது பிர்லோதான் என்றும், தனக்கு முதலில் நம்பிக்கை இல்லை என்றும் ஆன்செலோட்டியே பிற்பாடு சொல்லியிருக்கிறார். நல்ல பயிற்சியாளர்களுக்கு இந்தக் குணம் உண்டு. யோசனை யாருடையது என்று பார்க்க மாட்டார்கள். 2002–03 பருவத்தில் அது நிலையான ஏற்பாடாகிவிட்டது.

இந்த இடம் ஏன் வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், கேள்வியின் மையமே அதுதான்.

கால்பந்தில் எதிரணி தன் ஆட்களை முக்கியமாகத் தன் கோலுக்கு முன்னால்தான் குவிக்கிறது. பத்தாம் எண் ஆட்டக்காரர் அந்தக் குவியலுக்குள் நிற்கிறார். அவருக்குப் பந்து வரும்போது அரை நொடிக்குள் முடிவெடுக்க வேண்டும், திரும்ப வேண்டும், ஒருவரை ஏமாற்ற வேண்டும், அதற்குக் கால்களில் வெடிப்பு வேண்டும். பிர்லோவிடம் அது கிடையாது. இருபது, முப்பது மீட்டர் பின்னால் வந்தால் நிலைமை தலைகீழ். பந்து வரும்போதே முகம் எதிரணியின் கோலைப் பார்த்திருக்கிறது. முழுக் களமும் கண்முன் இருக்கிறது. நெருங்கி வர எதிராளிக்குத் தூரம் அதிகம். அவர் வந்து சேர்வதற்குள் இரண்டு மூன்று நொடிகள் கிடைக்கின்றன. பிர்லோவுக்கு அது தாராளம். பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே தோளைத் திருப்பி இரண்டு பக்கமும் ஒரு தடவை பார்த்துவிடுவார். பந்து வந்த பிறகு யோசிக்க வேண்டியது மிச்சமே இருக்காது. அவருடைய நிதானம் என்று நாம் பார்த்தது, முன்கூட்டியே வேலையை முடித்துவிட்டவரின் நிதானம்.

ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு செலவு உண்டு. பந்து எதிராளியிடம் போய்விட்டால் தற்காப்புக்கு முன்னால் ஒரு பள்ளம் விழுகிறது. அந்தப் பள்ளத்தை நிரப்ப வேறு இருவர் பிர்லோவின் பங்கையும் சேர்த்து ஓட வேண்டும். மிலானில் வலது பக்கம் ஜென்னாரோ கட்டுசோ, இடது பக்கம் செடோர்ஃப், அல்லது ஆம்புரோசினி. குறிப்பாக கட்டுசோ. தென்கோடி கலாப்ரியாக்காரரான அவர் எதிராளியின் கணுக்காலைக் கடிக்காத குறையாகத் துரத்துவார். பந்தைப் பிடுங்கியதும், தானே ஏதாவது செய்து காட்டலாம் என்ற ஆசையே இல்லாமல், பத்தடி தள்ளி நிற்கும் பிர்லோவிடம் கொடுத்துவிடுவார். ஒருவர் பலவீனத்தை இன்னொருவர் மூடுகிற இப்படியொரு ஜோடியை நடுக்களத்தில் நான் அதிகம் பார்த்ததில்லை. கட்டுசோ இல்லாத பிர்லோவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாதிக் கதையைத்தான் பேசுகிறார்கள்.

2003இல் ஓல்டு டிராஃபோர்டில் யுவென்டஸைப் பெனால்டியில் வென்று சாம்பியன்ஸ் லீக், 2004இல் இத்தாலிய லீக். அடுத்தது 2005 மே 25, இஸ்தான்புல். முதல் நிமிடத்திலேயே பிர்லோ அனுப்பிய ஃப்ரீ கிக்கை மால்டினி கோலாக்கினார். இடைவேளையில் லிவர்பூலுக்கு எதிராக மிலான் 3–0. பிறகு ஆறு நிமிடங்களில் மூன்று கோல்கள் வாங்கிச் சமநிலை, பெனால்டியில் பிர்லோ அடித்ததை லிவர்பூல் கோல்கீப்பர் டூடெக் தடுத்தார், கோப்பை போயிற்று. ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்று யோசித்ததாக அவர் பின்னாளில் எழுதியிருக்கிறார். கோபமோ கண்ணீரோ காட்டாத முகத்துக்குப் பின்னால் இப்படியும் இருந்திருக்கிறது. 2007இல் ஏதென்ஸில் அதே லிவர்பூலை 2–1 என்று வென்று கணக்கைத் தீர்த்தார்கள். முதல் கோல், பிர்லோவின் ஃப்ரீ கிக் இன்ஸாகியின் மேல் பட்டுத் திசைமாறி விழுந்தது. பட்டதா, பட வைத்தாரா என்று மிலான் ரசிகர்கள் இன்னமும் சிரித்துக்கொண்டே விவாதிப்பார்கள்.

இரண்டுக்கும் நடுவே 2006. பிர்லோவின் உச்சம் எது என்று கேட்டால் நான் தயங்காமல் சொல்வது இந்த உலகக்கோப்பையைத்தான். ஹானோவரில் கானாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் இத்தாலியின் முதல் கோலை அவரே போட்டார். கானா ஆட்டம், ஜெர்மனிக்கு எதிரான அரையிறுதி, பிரான்ஸுக்கு எதிரான இறுதிப்போட்டி ஆகிய மூன்றிலும் ஆட்டநாயகன் அவர்தான். தொடரின் மூன்றாவது சிறந்த வீரருக்கான வெண்கலப் பந்தும் கிடைத்தது.

டார்ட்மண்ட் அரையிறுதியைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். கூடுதல் நேரத்தின் கடைசி இரண்டு நிமிடங்கள், 0–0. எல்லோர் கால்களும் கனத்துவிட்டன. பெனால்டி என்றால் ஜெர்மானியர்களுக்குக் கொண்டாட்டம். பிர்லோ தூரத்திலிருந்து அடித்ததை ஜெர்மன் கோல்கீப்பர் லேமன் பாய்ந்து தட்டிவிட, கார்னர். டெல் பியரோ அனுப்பிய கார்னரை ஜெர்மனி தலையால் முட்டி வெளியேற்றியது. பந்து, கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி பெட்டிக்கு வெளியே நின்ற பிர்லோவிடம் வந்தது. அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு கோலை நோக்கி அடித்திருப்பார்கள். பிர்லோ அடிக்கவில்லை. பெட்டியின் விளிம்பை ஒட்டி வலது பக்கமாகப் பந்தை மெல்லத் தட்டிக்கொண்டே நகர்ந்தார். ஒரு தொடுதல், இன்னொன்று, மறுபடி ஒன்று. ஒவ்வொரு தொடுதலுக்கும் ஜெர்மானியத் தற்காப்பு வீரர்கள் ஓரடி அவரை நோக்கி இழுபட்டார்கள்; அவர் அடிப்பார் என்று காலை நீட்டக் காத்திருந்தார்கள். அவர்கள் போதுமான அளவு இழுபட்டதும், உடலைத் திருப்பாமல், பார்வையை அந்தப் பக்கம் காட்டாமல், நாலைந்து பேருக்கு நடுவே ஃபாபியோ குரோசோவின் காலுக்குப் பந்தைச் செருகினார். குரோசோ இடது காலால் வளைத்து அடித்தார். 119ஆவது நிமிடம். டெல் பியரோ இன்னொன்று போட, 2–0.

நான் சொல்ல வந்தது அந்த மூன்று தொடுதல்களைத்தான். வேகமானவர் இடைவெளி இருக்கும் இடத்துக்கு ஓடுவார். பிர்லோ நின்ற இடத்தில் தாமதித்து, எதிராளியை அசையவைத்து, இடைவெளி உண்டாகும்படி செய்தார். மெதுவாக ஆடியது அவருடைய குறை என்று கேள்வியில் இருக்கிறதே, இந்தக் கோலில் மெதுவுதான் ஆயுதம்.

பெர்லினில் நடந்த இறுதிப்போட்டியில் ஸிடானின் பெனால்டிக்குப் பதிலாக இத்தாலி சமன் செய்த கோல், பிர்லோவின் கார்னரை மட்டராட்ஸி தலையால் முட்டியது. பெனால்டி வரிசையில் இத்தாலிக்காக முதலில் போய் அடித்தவரும் பிர்லோ. (அந்த மட்டராட்ஸிதான் பிற்பாடு சென்னையின் எஃப்சி அணிக்குப் பயிற்சியாளராக வந்து 2015இல் இந்திய சூப்பர் லீக் பட்டத்தை வாங்கிக்கொடுத்தவர். மிலானிலும் இத்தாலி அணியிலும் பிர்லோவின் தோழரான நெஸ்டாவும் 2014இல் சென்னைக்காகச் சில ஆட்டங்கள் ஆடினார். நேரு விளையாட்டரங்கில் அவர்களைப் பார்த்தவர்கள் பிர்லோவுக்கு இவ்வளவு அருகில் வந்து போயிருக்கிறார்கள்.)

சரி, குறையும் பேசுவோம். பிர்லோவைச் செயலிழக்கச் செய்ய வழியே இல்லை என்று ரசிகர்கள் சொல்வது பொய். வழி எளிது: ஓர் ஆளைத் தியாகம் செய்ய வேண்டும். 2010 சாம்பியன்ஸ் லீகில் மான்செஸ்டர் யுனைடெட்டின் அலெக்ஸ் ஃபெர்குசன் அதைச் செய்தார். தென்கொரியாவின் பார்க் ஜி-சுங்குக்கு அன்றைக்கு இட்ட வேலை பிர்லோவை நிழல்போல ஒட்டிக்கொண்டிருப்பது. முதல் ஆட்டம் 3–2, இரண்டாவது 4–0, இரண்டும் யுனைடெட்டுக்கு. இரண்டாவதில் பார்க் ஒரு கோலும் போட்டார். பிர்லோவே அந்த அனுபவத்தை எழுதும்போது பார்க்கின் ஓயாத ஓட்டத்தை வியந்திருக்கிறார். 2013 காலிறுதியில் பயர்ன் மியூனிக் இன்னொரு வகையில், அணியாகவே மேலேறி வந்து நெருக்கி, யுவென்டஸை இரண்டு ஆட்டங்களிலும் 2–0 என்று தோற்கடித்தது. ஒருவரின் காலடியிலிருந்தே முழு ஆட்டமும் பிறக்கும்படி அணியைக் கட்டினால், அந்தக் காலடியை அடைத்ததும் அணியே திணறும். இது பிர்லோவை நம்பிய எல்லா அணிகளுக்கும் இருந்த ஆபத்து.

அதே 2010இல் மிலானுக்கு மாஸ்ஸிமிலியானோ அல்லெக்ரி வந்தார். தற்காப்புக்கு முன்னால் உடல்வலு உள்ளவர்தான் வேண்டும் என்பது அவர் எண்ணம். ஆம்புரோசினியையும் வான் பொம்மலையும் அங்கே நிறுத்தி, பிர்லோவை இடது பக்கம் தள்ளினார். காயங்களும் சேர்ந்துகொண்டன. அந்தப் பருவத்தில் மிலான் லீக் பட்டம் வென்றது என்பதால் அல்லெக்ரியை முட்டாள் என்று சொல்லவும் முடியாது. 30 வயது தாண்டியவர்களுக்கு ஓராண்டு ஒப்பந்தம்தான் என்பது மிலானின் கொள்கை. பிர்லோ மூன்றாண்டு தருவதாகச் சொன்ன யுவென்டஸுக்குப் போனார். பத்தாண்டு சேவைக்கு நினைவுப்பரிசாக மிலான் நிர்வாகம் ஒரு பேனா கொடுத்தது. விலையுயர்ந்த பேனாதான், இருந்தாலும் பேனா.

32 வயது ஆட்டக்காரரை விலையில்லாமல் விட்டது மிலானின் பெரும் பிழையாக முடிந்தது. அதற்கு முந்தைய இரண்டு பருவங்களிலும் ஏழாவது இடத்தில் முடித்திருந்த யுவென்டஸ், பிர்லோ வந்த முதல் பருவத்தில் 38 லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் பட்டம் வென்றது. தொடர்ந்து நான்கு ஆண்டுகள், நான்கு பட்டங்கள். இத்தாலிய வீரர்கள் சங்கம் தரும் ஆண்டின் சிறந்த வீரர் விருது 2012, 2013, 2014 என்று வரிசையாக அவருக்கு. 33 வயதில் தொடங்கி மூன்று முறை! புதிய அரங்கின் முதல் லீக் ஆட்டத்தில், பார்மாவுக்கு எதிராக, தற்காப்பு வரிசையின் தலைக்கு மேலாக லிக்ஸ்டைனருக்குத் தூக்கிக் கொடுத்த பாஸிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. பிர்லோ தங்கள் அணிக்கு வருகிறார் என்றதும் கடவுள் இருக்கிறார் என்று நினைத்ததாக கோல்கீப்பர் புஃபோன் சொன்னது பிரசித்தம்.

இங்கேயும் கவனியுங்கள், பயிற்சியாளர் அந்தோனியோ கோண்டே அவருக்கு இரண்டு புறமும் விடாலையும் மார்கிசியோவையும் வைத்தார். பிறகு போக்பாவும் வந்தார். மூவரும் ஓடச் சலிக்காதவர்கள். பின்னால் மூன்று தடுப்பு வீரர்கள். கட்டுசோ செய்த வேலையை இப்போது ஒரு கூட்டமே பங்கு போட்டுச் செய்தது.

2012 ஐரோப்பியக் கோப்பை அந்தக் காலத்தின் காட்சிக்கூடம். ஸ்பெயினுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் புஸ்கெட்ஸைத் தாண்டி வந்து டி நட்டாலேக்குக் கொடுத்த பாஸ், குரோஷியாவுக்கு எதிரான ஃப்ரீ கிக் கோல். அடுத்து ஜூன் 24, கீவ், காலிறுதியில் இங்கிலாந்து. இங்கிலாந்தின் பயிற்சியாளர், நான் நினைவில் வைக்கச் சொன்ன ராய் ஹாட்சன். பிர்லோவை ரூனி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. முன்கள வீரர் ஒருவர் அந்தக் காவலை எவ்வளவு நேரம் சலிக்காமல் செய்வார்? பிர்லோ தன் வீட்டு முற்றத்தில் நடப்பதுபோல ஆடினார். இருந்தும் 120 நிமிடங்களில் கோல் விழவில்லை. பெனால்டியில் மொன்டொலிவோ வெளியே அடித்துவிட்டார், இங்கிலாந்து 2–1 முன்னிலை, அடுத்தவர் பிர்லோ. எதிரே கோல்கீப்பர் ஜோ ஹார்ட் கோட்டின்மேல் குதித்து, முகத்தைக் கோணலாக்கி, எரிச்சலூட்டிக்கொண்டிருந்தார். பிர்லோ ஓடிவந்து, அடிக்காமல், பந்தின் அடியில் காலை விட்டு மெல்லக் கிள்ளினார். ஹார்ட் வலப்பக்கம் பாய்ந்து விழுந்துகிடக்க, அவர் நின்ற இடத்தின் மேலாகவே பந்து மிதந்து உள்ளே போனது. 1976இல் செக்கோஸ்லோவாக்கியாவின் பனென்கா செய்துகாட்டிய தந்திரம். அடுத்து வந்த ஆஷ்லி யங் மேல்கம்பத்தில் அடித்தார், ஆஷ்லி கோல் அடித்ததை புஃபோன் பிடித்தார். இத்தாலி 4–2. கோல்கீப்பர் அதீத உற்சாகத்தில் இருந்ததைப் பார்த்துத்தான் அப்படி அடித்தேன் என்று ஆட்டத்துக்குப் பிறகு பிர்லோ விளக்கினார். ஜம்பம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது கணக்காகத்தான் தெரிகிறது.

அரையிறுதியில் ஜெர்மனியின் யோவாகிம் லோவ் பிர்லோவைக் கட்டுப்படுத்தவென்றே குரோஸை நடுவில் இழுத்துவந்து தன் அணியின் வழக்கமான அமைப்பைக் குலைத்துக்கொண்டார். பலோட்டெல்லி இரண்டு கோல்கள் போட்டார், 2–1. பந்தைத் தொடாமலேயே பிர்லோ எதிரணியை மாற்றியமைக்க வைத்தார் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. இறுதிப்போட்டியில் ஸ்பெயின் 4–0 என்று நசுக்கிவிட்டது. அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

ஃப்ரீ கிக் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சீரி ஆ-வில் நேரடி ஃப்ரீ கிக்கில் 26 கோல்கள்; அவருக்கு மேலே செர்பியரான மிகைலோவிச் ஒருவர்தான், 28. இதில் பெரும்பகுதி, பிரான்ஸின் லியோன் அணிக்கு ஆடிய பிரேசிலியர் ஜுனினோவைப் பார்த்துக் கற்றது. ஜுனினோவின் பந்து சுழலாமல் போய், கோல்கீப்பருக்கு முன்னால் திடீரென்று சாய்ந்து விழும். அந்த ரகசியத்தைப் பிடிக்க பிர்லோ காணொளிகளையும் படங்களையும் சேர்த்துவைத்து ஆராய்ந்தார். பயிற்சித் திடலில் அடித்து அடித்துத் தோற்றார். கால் பந்தின் எந்த இடத்தில் படுகிறது என்பதைவிட, காலின் எந்தப் பகுதி படுகிறது என்பதே முக்கியம் என்று ஒருநாள் புலப்பட்டதாம். பந்தின் அடியில் முதல் மூன்று விரல்கள் மட்டும் பட வேண்டும், பாதம் நேராக இருக்க வேண்டும், அடித்தவுடன் தளர்ந்துவிட வேண்டும். இந்த ஞானம் கழிப்பறையில் உதித்தது என்று அவரே எழுதியிருக்கிறார். நம்பாமலிருக்கக் காரணம் இல்லை. பிறவி மேதை என்று சொல்லப்படும் ஒருவர் வேறொருவரின் உதையைப் பிரதியெடுக்க எவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார் என்பதைக் காட்டவே இதைச் சொல்கிறேன். 2013 கன்ஃபெடரேஷன்ஸ் கோப்பையில், இத்தாலிக்காக ஆடிய நூறாவது ஆட்டத்தில், மரக்கானா அரங்கில் மெக்சிகோவுக்கு எதிராக அவர் போட்ட கோல் இந்த உழைப்பின் பலன்.

2014 உலகக்கோப்பையில் மனாவுஸில் இங்கிலாந்துக்கு எதிராக, தன்னை நோக்கி வந்த பந்தைத் தொடுவதுபோல் காட்டித் தொடாமல் விட்டார். பின்னால் நின்ற மார்கிசியோ கோலாக்கினார். 35 வயது அப்போது. 2015இல் சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டி, அதே பெர்லின் அரங்கம். பார்சலோனாவிடம் 3–1 தோல்வி. ஆட்டம் முடிந்ததும் அழுதார். அப்போது யுவென்டஸின் பயிற்சியாளர் யார் தெரியுமா? மிலானில் அவரை ஓரம் தள்ளிய அதே அல்லெக்ரி. இம்முறை பிர்லோவை நடுவிலேயே ஆடவிட்டார்.

நியூயார்க் சிட்டி அணிக்காக ஆடிய 2015–2017 காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம். பயிற்சியாளராக பாட்ரிக் வியேரா, பக்கத்தில் லாம்பார்ட், முன்னால் டேவிட் வியா என்று பெயர்கள் இருந்தன. அவருக்காக ஓடும் கால்கள் போதவில்லை, அவர் கால்களும் ஓய்ந்துவிட்டன. 2017 நவம்பரில் விடைபெற்றார்.

பயிற்சியாளர் பிர்லோ வேறு கதை, சோகமான கதை. 2020 ஜூலை இறுதியில் யுவென்டஸின் 23 வயதுக்கு உட்பட்டோர் அணிக்குப் பொறுப்பேற்றவர், பத்து நாள்கூட ஆவதற்குள், ஓர் ஆட்டத்துக்கும் பயிற்சியளிக்காமலே, முதன்மை அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக்கப்பட்டார். இத்தாலியக் கோப்பையையும் சூப்பர் கோப்பையையும் வென்றார். ஆனால் தொடர்ந்து ஒன்பது ஆண்டுகள் யுவென்டஸிடம் இருந்த லீக் பட்டம் இன்டருக்குப் போனது, அணி நான்காவதாக முடிந்தது, வேலை போயிற்று. பிறகு துருக்கியில் கராகும்ருக், இரண்டாம்நிலை லீகில் சாம்ப்டோரியா. எதுவும் நிலைக்கவில்லை. தான் பார்த்ததை மற்றவர்களால் பார்க்க முடியாது என்பது பெரிய ஆட்டக்காரர்கள் பயிற்சியாளராகும்போது வரும் சிக்கல். பிர்லோவுக்கு அது மற்றவர்களைவிடக் கூடுதலாகவே வந்திருக்கும் என்று ஊகிக்கிறேன்.

ஸ்பெயினின் நடுக்கள ஆட்டக்காரர் ஷாவியைவிட உயர்ந்தவரா என்று இதே கேள்வியோடு சேர்த்து வழக்கமாகக் கேட்பார்கள். எனக்கு ஷாவி ஒரு படி மேல். அவர் நெரிசலுக்குள்ளேயே இடம் உண்டாக்குவார், பந்தை இழந்தால் திரும்பப் பறிக்கும் வேலையிலும் பங்கெடுப்பார். ஆனால் 40 மீட்டர் தூரத்தில் ஓடிக்கொண்டிருப்பவரின் காலில் பந்தை இறக்குவதில் பிர்லோவுக்கு நிகராக அவர் காலத்தில் நான் யாரையும் சொல்ல மாட்டேன்.

நீங்களே பார்த்து முடிவுசெய்ய விரும்பினால் மூன்று நிமிடத் தொகுப்புகளை விட்டுவிடுங்கள்; அவற்றில் பாஸ் மட்டும்தான் இருக்கும், பாஸுக்கு முந்தைய வேலை இருக்காது. 2006 அரையிறுதியை முழுதாகப் பாருங்கள், முடிந்தால் 2012 இங்கிலாந்து ஆட்டத்தையும். பந்து வேறெங்கோ இருக்கும்போது கண்ணை பிர்லோ மீதே வைத்திருங்கள். எதிராளி ஓரடி நகர்ந்தால் அவரும் ஓரடி நகர்வார், தோளுக்குப் பின்னால் ஒரு முறை திரும்பிப் பார்ப்பார், கையை நீட்டிப் பக்கத்தில் இருப்பவரை எங்கே நிற்க வேண்டும் என்று காட்டுவார். பத்து நிமிடம் இப்படிப் பார்த்தாலே, பந்து அவரிடம் வருவதற்குள் அடுத்த பாஸ் எங்கே போகும் என்று உங்களுக்கும் ஓரளவு தெரிய ஆரம்பிக்கும்.